பொட்டு வைத்த ஆமைகள்

பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு நவம்பரில். அதற்கு அடுத்த ஆண்டு, புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை, என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். நாள் கிழமைகளைக் குறித்து வைக்கிற வழக்கம் எனக்கு உண்டு என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

"சித்தப்பா, ஞாயித்துக்கிழமைல சும்மா இருக்கற ஆளுங்க நாலு பேர் வேணும். நல்லா நடக்கணும், கண்ணு தெரியணும், எதையும் தொடாம இருக்கணும்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"ஆமை தேடறதுக்கு."

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன். பெட்டிகள் எந்தத் தேதியில் எந்தத் துறைமுகத்துக்குப் போயின என்று எழுதுவது வேலை. வேலை நேரம் போக, எங்கள் பக்கத்து ஊர்களின் பழைய விஷயங்களைத் தேடிப் படித்து எழுதி வைப்பது பொழுதுபோக்கு. மழை, வெள்ளம், பஞ்சம், பாலம் கட்டிய ஆண்டு, பாலம் உடைந்த ஆண்டு. இவற்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவள் மட்டும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கேட்பாள். "அது எப்படி சித்தப்பா தெரியும்? யார் பாத்தாங்க?" என்பாள். இரண்டாவது கேள்வியை அவள் விட்டதே இல்லை.

அவள் அப்பா, என் அண்ணன், தோல் பதனிடும் ஷாப்பில் ஃபினிஷிங்கில் வேலை செய்கிறார். அண்ணி ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் இருக்கிறார். இவள் பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல் படித்து, வெளி மாநிலத்தில் ஒரு நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, கடைசியில் ஆய்வு செய்ய எங்கள் பக்கத்துக்கே திரும்பி வந்தாள். ஓட்டின் மேல் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போலப் பிரிந்திருக்கும் ஒருவகைத் தரை ஆமை, கரடு எனப்படும் சின்னப் பாறைக் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது. எத்தனை இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

"நாங்க தோல எண்ணி வளத்தோம், இவ ஆமை ஓட்ட எண்றா" என்பார் அண்ணன். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருக்கும்.

எந்தக் கரடு என்று இங்கே எழுத மாட்டேன். ஆம்பூருக்கும் அமிர்திக்கும் நடுவில் எங்கோ என்பது போதும். இந்த ஆமையைப் பிடித்து விற்பவர்கள் உண்டு, வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அவள் தன் அறிக்கைகளில்கூட இடத்தின் பெயரை எழுதுவதில்லை. எந்த ஊர், எந்தத் தேதி என்று ஒன்றுக்கு இரண்டு முறை எழுதிப் பழகிய எனக்கு இது முதலில் கஷ்டமாக இருந்தது. எழுதாமல் விடுவதும் பாதுகாப்பதில் சேர்ந்ததுதான் என்று அவளிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கரடு பார்க்க ஒன்றுமில்லாத இடம். ஆவாரை, விராலி, சூரைமுள், இடையிடையே சப்பாத்திக்கள்ளி, மழை பெய்தால் புல். ஊர்க்காரர்கள் அதை வெறும் காடு என்பார்கள். பெரிய மரம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஆமைக்கு வேண்டியது அதுதான் என்றாள். வெயில் விழுகிற புல்தரை, ஒளிந்துகொள்ளப் புதர், தின்னக் கள்ளிப்பழம். வெயில் காலம் முழுக்க எங்கோ புதருக்கடியில் கிடந்துவிட்டு, மழை விழுந்ததும் காலை நேரத்தில் வெளியே வரும். அதனால் வேலையெல்லாம் மழைக்காலத்தில்தான். அதை விட்டால் அடுத்த மழைக்காலம்.

எப்படி எண்ணுவது என்று கேட்டேன். ஆமைகளை வரிசையில் நிறுத்த முடியாது.

"எல்லாத்தையும் எண்ண முடியாது சித்தப்பா. கண்ணுல பட்டதப் பிடிச்சு அடையாளம் வெச்சு விட்டுடணும். அடுத்த வாரம் திரும்பப் போயி தேடணும். அடையாளம் வெச்சதே திரும்பத் திரும்ப வந்தா, மொத்தமே கொஞ்சந்தான்னு அர்த்தம். வர்றதெல்லாம் அடையாளம் இல்லாததா இருந்தா, நாம பாக்காதது இன்னும் நெறய இருக்குதுன்னு அர்த்தம்."

இவ்வளவு எளிய யோசனையை வைத்து, கண்ணால் பார்க்காததை எண்ணிவிட முடியும் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. நான் படித்த பழைய ஜில்லா பதிவுகளில் மிருகங்கள் வருவது ஒரே விதமாகத்தான்: சுடப்பட்டவை, பொறியில் விழுந்தவை, கொன்றவருக்குப் பரிசுப் பணம் கொடுக்கப்பட்டவை. செத்ததைத்தான் எண்ணியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெண் உயிரோடு இருப்பதை எண்ணப் போகிறாள்.

ஆள் பிடிப்பது என் பொறுப்பு. எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை செய்யும் ஓர் அக்கா இருந்தார். எனக்கு வயதில் இளையவர், இருந்தாலும் கம்பெனி முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். தைத்து வந்த மேல்பாகத்தைக் கையில் வாங்கி ஒரு திருப்புத் திருப்பினால் போதும், நூல் விட்டது, தோலில் கீறல், சாயம் ஏறாதது எல்லாம் அவர் கண்ணில் பட்டுவிடும். புதருக்குள் ஆமையைப் பார்க்க இதைவிட நல்ல கண் வேண்டுமா? அவர் தன் டேபிளிலிருந்து இன்னும் இரண்டு பெண்களை அழைத்து வந்தார். நான்காவது ஆள், கம்பெனி வேன் ஓட்டும் பாய். மேல்விஷாரத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைத் தொழுகை முடிந்து, தன் சொந்த ஆம்னியை எடுத்துக்கொண்டு ஆம்பூர் வந்து எங்களை ஏற்றிக்கொள்வார்.

முதல் நாள் வண்டியில் ஏறும்போதே அக்கா சொன்னார்: "எங்க மாமியாருக்கு மட்டும் தெரியக்கூடாது. ஆமையப் பாத்துட்டு வந்தேன்னு சொன்னா வாசல்லயே நிக்க வெச்சு தண்ணி ஊத்துவாங்க."

"ஊத்தட்டுமே. ஞாயித்துக்கிழமையாவது குளிச்ச மாதிரி இருக்கும்" என்றார் பாய்.

"உங்க வண்டியத்தான் மொதல்ல குளிப்பாட்டணும் பாய். போன மழையில பட்ட சேறு அப்படியே இருக்குது."

கரட்டடியில் எல்லோரும் ஒரு வரிசையாக, குரல் கேட்கும் தூரம் விட்டு நிற்போம். அவள் ஒரு கோடியில், அவள் சொல்கிற அளவுகளை நோட்டில் குறிக்க நான் அவள் கூடவே. அவரவர் தன் வரிசையில் நேராக மேலேறி நடப்போம். யார் கண்ணிலாவது ஆமை பட்டால் நின்று கையைத் தூக்கிக் குரல் கொடுக்க வேண்டும். தொடக்கூடாது. தொடுவதற்கு வனத்துறை அனுமதி அவள் ஒருத்திக்குத்தான். அவள் வந்து, ஆமையை எடுத்து, நீளம் அகலம் அளந்து, எடை பார்த்து, ஓட்டின் ஓரத்தில், ஆமைக்கு ஆமை இடம் மாற்றி, சின்ன அரத்தால் ஒரு வெட்டு வைப்பாள். நகம் வெட்டுவது போலத்தான், அதற்கு வலிக்காது என்றாள். அந்த வெட்டு தூரத்திலிருந்து தெரியாது என்பதால் பின்பக்க ஓட்டில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டும் வைப்பாள். பிறகு எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவாள்.

அந்த நெயில் பாலிஷ் பற்றி செக்கிங் பெண்களுக்குள் வாராவாரம் ஒரு விவாதம் நடக்கும். "இந்தக் கலர் அதுக்கு எடுப்பா இல்ல பாப்பா. மெரூன் வெச்சுப் பாரு" என்பார் அக்கா. அவள் சிரிக்காமல், "கல்யாணத்துக்குப் போறப்ப மெரூன் வெக்கலாங்க்கா" என்பாள்.

அவள் வேலை செய்கிறதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். ஆமை ஓட்டுக்குள் புகுந்துகொண்டால் அவசரப்படுத்த மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பாள். அளவுகோலை ஒருமுறை வைத்துப் படித்து, எடுத்துவிட்டு, மறுபடி வைத்துப் படிப்பாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாம் முறை. மழை பிடித்துக்கொண்டு, நாங்கள் ஐவரும் பாறைக்கடியில் ஒண்டி நின்ற ஒரு நாளில்கூட, அவள் தலையில் பிளாஸ்டிக் கவரைப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறை அளந்தாள். "யாரு வந்து பாக்கப்போறா பாப்பா, ஒரு நூலு முன்ன பின்ன இருந்தா இன்னா?" என்று பாய் கேட்டார். "நான் பாப்பேன் பாய்" என்றாள்.

ஐப்பசி முழுக்க நல்ல மழை. ஞாயிறு தவறாமல் போனோம். ஒவ்வொரு வாரமும் புதிது புதிதாக ஆமைகள் கிடைத்தன. கார்த்திகை பிறந்தபோது அவள் அதுவரை கிடைத்ததை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். யாரும் நினைத்ததைவிட எத்தனையோ மடங்கு அதிகமாக வந்தது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் போனில் மகிழ்ச்சியாகப் பேசினார். வடக்கே ஒரு பெரிய ஆய்வு நிலையத்தில் அவளுக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். வருகிற ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இந்த ஓர் அத்தியாயம்தான் பாக்கி. உதவித்தொகையும் வருகிற சித்திரையோடு முடிகிறது. எல்லாம் சரியாகப் பொருந்தி வந்தது.

அதே வாரம் வனத்துறை ரேஞ்சர் போன் செய்தார். அந்தக் கரட்டில் நெருக்கமாக மரக்கன்று நட ஒரு திட்டம் வந்திருந்தது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. வெறும் காடு பச்சையாகட்டும் என்பதுதான். மரம் அடர்ந்தால் புல் போய்விடும், ஆமைக்கு வெயில் கிடைக்காது என்று அவள் முன்பே சொல்லியிருந்ததால், நடுவதற்கு முன் அவளிடம் கேட்டார். இதுவரை வந்த எண்ணிக்கையை அவள் சொன்னாள். இன்னும் முடியவில்லை என்றும் சொன்னாள்.

"இவ்ளோ இருக்குதா? நல்ல செய்தி. அப்ப ஒரு பக்கச் சரிவுல நட்டுக்கலாம். மிச்சத்துல அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாராம் அவர்.

எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு மட்டும் இல்லை. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பெரிய எண்ணிக்கை வந்தால் அதைக் கொண்டாடாமல் ஒருத்தி ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாள் என்று அண்ணிக்குப் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு நடை முடிந்து, ரோட்டோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் அக்காவிடம் கேட்டாள்:

"அக்கா, ஒரு சந்தேகம். என் வரிசையில பொட்டு வெச்சது அப்பப்ப வருது. உங்க வரிசை ஒண்ணுலயும் வரல. அது எப்படி?"

"ஏன் வரல? வருதே" என்றார் அக்கா.

"வருதா?"

"வாராவாரம் பாக்கறேன். பொட்டு இருந்தா உன்ன எதுக்குக் கூப்பிடறது? அது பாஸ் ஆன பீசு."

பாய் டீயை ஊதிக்கொண்டே, "நான் இன்னிக்குகூட ஒருத்தரப் பாத்தேன். அந்தப் பெரிய பாறை பக்கத்துல. நம்ம பழைய தோஸ்து. சலாம் வெச்சுட்டு வந்துட்டேன்" என்றார்.

"எனக்கு ரெண்டு வந்துச்சு" என்றார் செக்கிங் பெண்களில் ஒருவர். "ஒண்ணு கள்ளிப்பழம் தின்னுட்டு இருந்துச்சு. உன்னக் கூப்பிட்டா பயந்து உள்ள பூந்துக்கும், பாவம்னு விட்டுட்டேன்."

"இது எப்பலேர்ந்துக்கா?" என்று அவள் கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"மொத வாரத்துலேர்ந்துதான். உன் கையால பாஸ் பண்ணத நாங்க திரும்ப எடுத்துக் குடுத்தா, உன்ன நம்பாத மாதிரி ஆயிடாதா?" அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். "இன்னா பாப்பா? தப்பாயிடுச்சா?"

"டீ ஆறுது, குடிங்கக்கா" என்றாள்.

இது எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. செக்கிங் டேபிளில் ஒரு பீஸ் சரியாக இருந்தால் அதில் வட்டமாக ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒட்டியதை அடுத்தவர் எடுத்துத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால், ஒட்டியவர் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆள் வந்து ஸ்டிக்கர் ஒட்டியதையெல்லாம் கொட்டிக் கவிழ்த்துத் திரும்பப் பார்க்கிற நாளில், டேபிளில் யாரும் சாப்பிடக்கூட மாட்டார்கள். அப்படிப் பழகியவர்களுக்கு ஆமை முதுகில் இருந்த சிவப்புப் பொட்டு என்னவாகத் தெரியும்? அவளுக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் அத்தனை ஆமைகளையும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

ஆம்பூரில் ஆம்னியை விட்டு இறங்கி, என் பைக்கில் வீட்டுக்கு வரும்போது பின்னால் உட்கார்ந்து அவள் விளக்கினாள். பொட்டு வைத்ததையெல்லாம் விட்டுவிட்டு வைக்காததை மட்டும் சொன்னால், கணக்கு எல்லாமே புதிது என்று நம்பிக்கொள்ளும். பார்க்காதது இன்னும் ஏராளம் என்று சொல்லும். அதுதான் அந்தப் பெரிய எண்ணிக்கை.

"எவ்வளவு விட்டிருப்பாங்கன்னு கேட்டு, அத சேத்துக்கிட்டா?" என்றேன்.

"ஞாபகத்துல இருக்கற ஆமைய எண்ண முடியாது சித்தப்பா."

பேராசிரியர் வேறு வழி சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை. மற்றவர்கள் வரிசையில் கிடைத்ததை ஒதுக்கிவிட்டு, அவள் ஒருத்தி நடந்த வரிசையை மட்டும் வைத்துக் கணக்குப் போடலாம். குறைகளை எழுதிவிட்டு ஜூனில் கொடுத்துவிடலாம். அவள் அதையும் போட்டுப் பார்த்தாள். ஆமைகள் மிகக் குறைவாகவும் இருக்கலாம், மிக அதிகமாகவும் இருக்கலாம் என்று வந்தது.

"இத எழுதினா யாரும் என்னத் தப்பு சொல்ல மாட்டாங்க. ஆனா ரேஞ்சர் பெரிய நம்பர மட்டுந்தான் படிப்பாரு. கன்னு நட குழி வெட்டிடுவாங்க" என்றாள்.

மறுநாள் காலையில் ரேஞ்சர் ஆபீசுக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன், அதற்காக அரை நாள் லீவு போட்டேன். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்: "சார், நான் சொன்ன நம்பர் தப்பு. எடுத்த விதத்துல தப்பு நடந்துபோச்சு. அடுத்த மழை முடியறவரைக்கும் டைம் குடுங்க."

"ஒரு வருஷமாம்மா? கன்னு வந்து நர்சரில நிக்குது."

"ஏரிக்கரையில நடுங்க சார். ரோட்டோரத்துல நடுங்க. இந்தக் கரட்ட மட்டும் விடுங்க."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "தப்புன்னு நீயா வந்து சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். அந்த ஆண்டுக் கன்றுகளை ஏரிக்கரைக்கு அனுப்புவதாகவும், அடுத்த மார்கழிக்குமேல் காத்திருக்க முடியாது என்றும் அவர் சொன்னார்.

வடக்கே இருந்த இடம் அவ்வளவுதான். பேராசிரியரிடம் அவள் பேசியபோது நான் பக்கத்து அறையில் இருந்தேன். நீளமான பேச்சு. அண்ணன் அன்று ஷிப்டுக்குப் போகவில்லை. "ஒரு மழைக்காலத்துக்காக இவ்ளோ படிச்ச படிப்ப நிறுத்தி வெப்பாங்களா?" என்று என்னைக் கேட்டார். அவளைக் கேட்கவில்லை. ஆனால் அன்று நான் அவளை நினைத்துப் பெருமைப்பட்டதுபோல எந்தப் பட்டம் வாங்கினாலும் பெருமைப்பட்டிருக்க மாட்டேன். கெட்ட செய்தியைச் சந்தேகப்படுவது எல்லோருக்கும் வரும். தனக்கு ஆதாயமான செய்தியை, யாரும் கேட்காமலே, இரண்டு நாள் முகம் வாடிச் சந்தேகப்படுவது எத்தனை பேருக்கு வரும்?

அக்காவிடம் சொல்வதுதான் இன்னும் கடினமாக இருந்தது. கம்பெனி விடுகிற நேரத்தில் கேட்டுக்கு எதிரே இருந்த கடையில் காத்திருந்தாள். கையில் ஒரு டிபன் பாக்ஸ். அதில் ஷூ கயிறு கோக்கிற ஐலெட் வளையங்கள், கறுப்பு நிறையவும் வெள்ளி கொஞ்சமும் கலந்து போட்டிருந்தாள். அண்ணி லைனிலிருந்து வாங்கி வந்தது. வெள்ளிதான் பொட்டு வைத்த ஆமை என்று சொல்லி, கண்ணை மூடி ஒரு கை அள்ளச் சொன்னாள். அக்கா அள்ளினார். வெள்ளி எத்தனை, கறுப்பு எத்தனை என்று பார்த்தார்கள். மறுபடி அள்ளச் சொல்லி, இந்த முறை வெள்ளியை எல்லாம் சத்தமில்லாமல் பாக்ஸிலேயே போட்டுவிடச் சொன்னாள்.

அக்கா கையில் மிஞ்சிய கறுப்பு வளையங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சீக்கிரம் புரிந்துகொண்டார்.

"அப்ப நாங்க நடந்தது பூரா ரிஜெக்ட்டா?"

"உங்க கண்ணு ரிஜெக்ட் இல்லக்கா. எதுக்குப் பொட்டு வெக்கறேன்னு சொல்லாம வெச்சது நான். எல்லாத்துக்கும் கூப்பிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"பெரிய படிப்பு படிச்சவ சும்மாவா பொட்டு வெப்ப? நீ சொல்லாமயே எங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமில்ல?"

"எப்படிங்க்கா தெரியும்?"

அக்கா வளையங்களை பாக்ஸில் கொட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பாய் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, "அவங்களுக்கு மனசு பேஜார் ஆயிடுச்சு. விடு பாப்பா, வருவாங்க" என்றார்.

பொங்கல் கழிந்து, காணும் பொங்கலன்று அவளே அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. மாமியார் தண்ணீர் ஊற்றினாரா என்று கேட்டேன். "அவங்கதான் ஆமை போட்டோவ ஜாஸ்தி நேரம் பாத்தாங்க" என்றாள்.

அந்த வெயில் காலம் முழுக்க அவள் ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் எடுத்தாள். நான் அந்த மாதங்களில் என் பழைய குறிப்புகளை எடுத்து வேறு கண்ணோடு பார்த்தேன். பாலாற்றில் வெள்ளம் வந்ததாக நான் தொகுத்து வைத்திருந்த ஆண்டுகள் உண்டு. நடுவே பதிவே இல்லாத நீண்ட இடைவெளிகள். அந்த ஆண்டுகளில் வெள்ளமே வரவில்லையா, வந்ததைப் பார்த்தவன் எழுதத் தேவையில்லை என்று விட்டுவிட்டானா? இந்தக் கேள்வியை எழுப்பிக்கொள்ள எனக்கு ஐம்பது வயதுக்குமேல் ஆயிற்று. அவள் பள்ளிக்கூடத்திலேயே கேட்டுவிட்டாள்.

அடுத்த மழை ஐப்பசியில் கொஞ்சம் தாமதமாகவே பிடித்தது. இந்த முறை நெயில் பாலிஷ் கிடையாது. ஓட்டு ஓரத்து வெட்டு மட்டும், அதோடு ஒவ்வொரு ஆமையின் முதுகையும் போட்டோ. அந்த நட்சத்திரக் கோடுகள் எந்த இரண்டு ஆமைக்கும் ஒன்றாக இருக்காதாம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எது பழையது எது புதியது என்று தெரியவே தெரியாது. அதோடு, ஒரே ஆள் ஒரே வரிசையில் நடக்காமல் வாரத்துக்கு வாரம் இடம் மாற்றினாள். "பையர் ஆளு மாதிரி ஆயிட்ட பாப்பா நீ" என்றார் அக்கா. வந்துவிட்டிருந்தார், மற்ற இருவரையும் அழைத்துக்கொண்டு.

வேறு ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று நான் முன்பே கேட்டிருந்தேன். "இவங்க கண்ணு எனக்குத் தெரியும் சித்தப்பா. இப்ப இவங்க எங்க தப்பு பண்ணுவாங்கன்னும் தெரியும். புது ஆளு எங்க தப்பு பண்ணுவாங்கன்னு தெரியாது" என்றாள்.

முன்பு எல்லோரும் புதிய ஆமைக்காகத்தான் சந்தோஷப்பட்டோம். இந்த முறை, அவள் ஓட்டு ஓரத்தைத் தடவிப் பார்த்து, "போன மாசம் பாத்தது" என்று சொல்கிறபோது எல்லோரும் அதை விரல்விட்டு எண்ணிக்கொள்வோம். அப்படி அடிக்கடி நடந்தது. மழை நாட்கள் போகப்போகப் புதியது வருவது குறைந்துகொண்டே வந்தது. கார்த்திகைக் கடைசியில் பாய் கண்டுபிடித்த ஆமை, அவளுக்கு நன்கு பழகிவிட்ட ஒன்று. "சலாம் போடறதுக்கு இவ்ளோ பேர்தான் இருக்காங்களா?" என்று பாய் கேட்டார்.

கணக்கு முடிந்தது. முந்தைய ஆண்டு வந்ததில் கால்பங்குக்கும் கீழே.

மார்கழி இரண்டாவது வாரம், ரேஞ்சர் ஆபீசுக்கு எல்லோரும் போனோம். அக்காவும் வருவேன் என்று கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார். பாயும் நாங்களும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவு திறந்துதான் இருந்தது. ரேஞ்சர் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் சார்."

"போன வருஷ நம்பர் எனக்குப் புடிச்சிருந்துச்சும்மா."

"எனக்குந்தான் சார்."

அவர் வரைபடத்தை விரித்து எந்தச் சரிவில் ஜாஸ்தி என்று கேட்டார். அவள் காட்டினாள். அந்தக் கரட்டில் எந்தப் பக்கத்திலும் நட வேண்டாம் என்று மேலே எழுதி அனுப்புகிறேன், அவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் இந்த எண்ணிக்கை கையில் இருந்தால் பேசலாம் என்றார். பிறகு கேட்டார்: "மொதல்ல நெறய இருந்து கம்மி ஆயிடுச்சா? இல்ல, எப்பவுமே கம்மிதானா?"

"தெரியாது சார். இதுதான் மொத கணக்கு. வருஷா வருஷம் எண்ணினாதான் சொல்ல முடியும்."

"நீதான் வேற ஊருக்குப் போயிடுவியே. அப்புறம் யாரு எண்றது?"

ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு அவளுக்கு வேறோர் இடம் வரலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். எங்கே என்று அப்போது தெரியாது. அவள் பதில் சொல்வதற்குமுன் அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து கதவருகே போய் நின்றார்.

"சார், அளக்கறது, வெட்டு வெக்கறது பாப்பா மழைக்கு லீவு போட்டு வந்து செய்யட்டும். தேடறது நாங்க தேடறோம். ஆனா எங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் லீவு. பர்மிசன் எழுதறப்ப அதையும் போட்டுக்கோங்க."

ரேஞ்சர் அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் காகிதத்தை எடுத்து, யார் யார் பேர் என்று கேட்டு எழுத ஆரம்பித்தார்.